வலது காலா, இடது காலா? - கணிப்பொறிக் கால்பந்தில் ஒரு நுணுக்கம்

புதுமனை புகும்போதும், மணமகள் புகுந்த வீட்டு வாசற்படியைத் தாண்டும்போதும் "வலது காலை எடுத்து வைத்து வா" என்று சொல்வது நம் வழக்கம். கொல்கத்தாவிலோ மும்பையிலோ தில்லியிலோ எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் இந்த வழக்கத்தை நாம் விட்டுவிடுவதில்லை. கைகளிலும் அப்படித்தான். ஒன்றைச் சோற்றுக் கை என்கிறோம், மற்றதைப் பீச்சாங்கை என்று ஒதுக்குகிறோம். ஆனால் கால்பந்து மைதானத்தில் இந்தக் கணக்கு செல்லாது. இடது காலால் அழகாக உதைக்கும் பையன் ஒருவன் கண்ணில் பட்டால் பயிற்சியாளர் அவனை எளிதில் விட்டுவிட மாட்டார். இடது காலர்கள் அங்கே அரிய சரக்கு.

நம் பிள்ளைகளில் பலருக்குக் கால்பந்து முதலில் அறிமுகமாவது மைதானத்தில் அல்ல. கைபேசித் திரையில், அல்லது தொலைக்காட்சியோடு இணைத்த விளையாட்டுப் பெட்டியில். அங்கே ஓடும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எந்தக் கால் வாகான கால், மறு கால் எவ்வளவு தேறும் என்று குறிப்பு உண்டு. "இவன் இடது காலன், வலது பக்கம் வந்தால் கோல் விழாது" என்று பத்து வயதுப் பிள்ளை விளக்கம் சொல்வதை நாம் கேட்டிருப்போம். உயிருள்ள ஆட்டக்காரனின் இந்தக் குணத்தைக் கணிப்பொறி எப்படிக் கற்றுக்கொள்கிறது, எவ்வளவு தூரம் அதைச் சரியாகக் காட்டுகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதைப் பார்ப்போம். விளையாட்டு விஷயம்தானே என்று பெற்றோர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிள்ளையின் இயல்பான பழக்கத்தை நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

உதைக்கும் காலும் ஊன்றும் காலும்

பந்தை உதைப்பது ஒற்றைக் காலின் வேலை என்று தோன்றும். உண்மையில் இரண்டு கால்களுக்கும் அதில் தனித்தனி வேலை இருக்கிறது. ஒரு கால் உதைக்கிறது. மற்றது பந்துக்குப் பக்கத்தில் ஊன்றி, ஓடி வந்த உடலின் வேகத்தைத் தாங்கி, இடுப்பு திரும்புவதற்கு அச்சாக நிற்கிறது. வலது காலன் ஒருவன் சிறு வயதிலிருந்தே வலது காலை உதைக்கவும் இடது காலை ஊன்றவும் பழக்கியிருப்பான். அவன் திடீரென்று இடது காலால் உதைக்க நேர்ந்தால் இடது கால் மட்டும் புது வேலை செய்வதில்லை. வலது காலும் பழகாத ஊன்றுகால் வேலையைச் செய்கிறது. மறு காலால் உதைத்தவன் தடுமாறிக் கீழே விழுவதை நாம் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

மறு காலில் சதை குறைவு, பலம் குறைவு என்று நினைப்பது சரியல்ல. நடப்பதிலும் ஓடுவதிலும் இரண்டு கால்களும் சமமாகவே உழைக்கின்றன. வேறுபாடு பெரும்பாலும் ஒத்திசைவில் இருக்கிறது. இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக, சாட்டை சொடுக்குவது போல இயங்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்டக்காரர்களை அளந்து பார்த்த ஆய்வுகளில், வாகான காலால் உதைத்த பந்து அதிக வேகத்தில் சென்றது. பந்தைத் தொடும் கணத்தில் பாதத்தின் வேகம் அதிகமாக இருந்ததும், பந்தில் பாதம் சுத்தமாகப் பட்டதும் அதற்குக் காரணங்கள்.

வலது கையால் எழுதுபவன் வலது காலால்தான் உதைக்க வேண்டும் என்பதும் இல்லை. உலகின் தலைசிறந்த இடது காலர் என்று போற்றப்படும் லியோனல் மெஸ்ஸி கையெழுத்துப் போடுவது வலது கையால்.

1998 சொன்ன விசித்திரம்

பிரான்சில் 1998இல் நடந்த உலகக் கோப்பைப் போட்டிகளை வைத்துப் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 16 அணிகளைச் சேர்ந்த 236 ஆட்டக்காரர்கள் எந்தெந்தக் காலால் பந்தைத் தொட்டார்கள், அந்தத் தொடுதல் வெற்றியா தோல்வியா என்று எண்ணினார்கள். முடிவுகள் 2001இல் வெளியாயின.

முதல் முடிவு எதிர்பார்த்ததுதான். ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய 79 சதவிகிதம் பேர் வலது காலர்கள். பொது மக்களிடையே உள்ள விகிதமும் ஏறத்தாழ இதுவே. உலகக் கோப்பை வரை வந்துவிட்ட திறமைசாலிகள் இரண்டு கால்களையும் சமமாகப் பயன்படுத்துவார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. பெரும்பாலோர் தமக்கு வாகான காலையே திரும்பத் திரும்ப நாடினார்கள்.

இரண்டாவது முடிவுதான் விசித்திரம். அபூர்வமாக மறு காலைப் பயன்படுத்தியபோது, சராசரியாக அவர்கள் வாகான காலுக்கு இணையாகவே வெற்றி பெற்றிருந்தார்கள்!

அப்படியானால் பலவீனமான கால் என்ற ஒன்றே இல்லையா? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். ஊரிலிருந்து வந்து பல ஆண்டுகளாகத் தில்லியில் இருக்கும் ஒரு மாமியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் அவர் பேசும் இந்தியில் பிழை கண்டுபிடிப்பது கடினம். ஆனால் வங்கி மேலாளரிடம் கடன் பற்றிப் பேச வேண்டும் என்றால் மகனை அனுப்பிவிடுவார். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் வாக்குவாதம் வந்தால் மௌனமாக இருந்துவிடுவார். அவர் பேசிய வாக்கியங்களில் எத்தனை பிழை என்று மட்டும் எண்ணினால் அவருடைய இந்திக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் கிடைக்கும். அவர் பேசாமல் தவிர்த்த இடங்களையும் சேர்த்து எண்ணினால்தான் உண்மை விளங்கும்.

ஆட்டக்காரனின் மறு காலும் அப்படித்தான். அருகில் நிற்கும் நண்பனுக்குச் சின்னதாகத் தள்ளிவிட அதைப் பயன்படுத்துவான். முப்பது மீட்டர் தூரத்துக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றால் ஓர் அடி எடுத்து வைத்து, உடம்பைத் திருப்பி, வாகான காலுக்குப் பந்தை மாற்றிக்கொள்வான். அவனுடைய பலவீனம் தவறிய உதைகளில் தெரிவதை விட, அவன் உதைக்காமல் விட்ட உதைகளில்தான் அதிகம் தெரிகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு கணிப்பொறி விளையாட்டுகளைப் பார்த்தால் அவற்றின் நிறையும் குறையும் தாமே புலப்படும்.

மூன்று விளையாட்டு, மூன்று கணக்கு

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஃபிஃபா விளையாட்டு 1993இல் முதன்முதலாக வந்தது. 2023 முதல் அதன் பெயர் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று மாறியிருக்கிறது. அதில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் வலது அல்லது இடது என்று ஒரு வாகான கால் உண்டு. மறு காலுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரங்கள். இதை 'வீக் ஃபுட்' என்பார்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் இரண்டு கால்களும் ஒன்றுதான். ஒரு நட்சத்திரம் என்றால் அந்தக் கால் நடப்பதற்கு மட்டும்தான். நட்சத்திரம் குறையக் குறைய மறு காலால் அடிக்கும் பந்தின் விசையும் குறியும் குறையும்.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'புரோ எவல்யூஷன் சாக்கர்' என்ற பெயரில் வெளியிட்டு வந்த விளையாட்டு 2021இல் 'ஈஃபுட்பால்' ஆயிற்று. அவர்கள் மறு காலுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு குறிப்புகள் வைத்தார்கள். மறு காலின் குறி எவ்வளவு துல்லியம் என்பது ஒன்று. ஆட்டக்காரன் மறு காலை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துவான் என்பது மற்றொன்று. நம் தில்லி மாமியின் இந்தியை அளப்பதற்குக் கொனாமியின் முறைதான் பொருத்தமானது. எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பது ஒரு கணக்கு. எவ்வளவு பேசத் துணிகிறார் என்பது வேறு கணக்கு.

மூன்றாவது, 'ஃபுட்பால் மேனேஜர்'. இதில் பந்தை நாம் உதைப்பதில்லை; அணியின் மேலாளராக இருந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறோம். இதன் கணக்கில் இடது காலுக்கும் வலது காலுக்கும் தனித்தனியே 1 முதல் 20 வரை மதிப்பெண். ஒருவன் முழு வலது காலன் என்றோ, வலதில் கொஞ்சம் அதிகம், இடதும் பரவாயில்லை என்றோ நுணுக்கமாக வகைப்படுத்த இது இடம் தருகிறது.

பொத்தானை அழுத்திய பிறகு

கோலை நோக்கி அடிக்கும் பொத்தானைப் பிள்ளை அழுத்துகிறான். அதற்கும் திரையில் பந்து பறப்பதற்கும் இடையில் கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் கணிப்பொறி பல கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. பந்து உடலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது? இப்போது தரையில் ஊன்றியிருப்பது எந்தக் கால்? எதிராளி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறான்?

இந்த விடைகளுக்குப் பொருந்தும் ஓர் அசைவைத் தன் கிடங்கிலிருந்து கணிப்பொறி தேர்ந்தெடுக்கிறது. உண்மையான ஆட்டக்காரர்களுக்கு உணர்கருவிகள் பொருத்திய உடையை அணிவித்து, ஓடவும் உதைக்கவும் விட்டுப் பதிவு செய்த அசைவுகள் அவை. ஃபிஃபா 22 என்ற பதிப்புக்காக 22 ஆட்டக்காரர்களை ஒரே நேரத்தில் முழு ஆட்டம் ஆட வைத்து இப்படிப் பதிவு செய்தார்கள்.

இதில் ஒரு குறுக்கு வழி உண்டு. வலது காலால் உதைத்த அசைவைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டால் இடது கால் உதை தயார். இடது காலருக்கு இது பொருந்தும். வலது காலன் தன் மறு காலால் உதைப்பதைக் காட்ட இதையே பயன்படுத்தினால் பொய்யாகிவிடும். ஊன்றுகால் தடுமாற்றம் இல்லை, இடுப்பு இறுக்கம் இல்லை. அழகான உதை, பந்து மட்டும் வேறு எங்கோ போகிறது. பார்க்கும் பிள்ளைக்கு "கணிப்பொறி ஏமாற்றுகிறது" என்று தோன்றுவதில் வியப்பில்லை. மறு காலின் தயக்கத்தைத் தனியாகப் பதிவு செய்து காட்டினால்தான் அந்த உதை உயிருள்ளதாக இருக்கும்.

அசைவைத் தேர்ந்தெடுத்த பிறகு பந்தின் திசையைக் கணக்கிட வேண்டும். குறி வைத்த இடத்துக்கே எல்லாப் பந்தும் போனால் ஆட்டத்தில் சுவை இருக்காது. ஆகவே ஒரு சிறு பிசகைக் கணிப்பொறி குருட்டாம்போக்கில் சேர்க்கிறது. சிறிய பிசகு அடிக்கடி வரும், பெரிய பிசகு அபூர்வமாக வரும். மறு காலுக்கு இந்தப் பிசகின் எல்லை அகலமாகும்.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கோலுக்கு நேரே 20 மீட்டர் தூரத்திலிருந்து அடிப்பதாக வைத்துக்கொள்வோம். கம்பத்துக்கு ஒரு மீட்டர் உள்ளே குறி. பந்து 2 பாகை வெளிப்பக்கம் விலகினால் கோல் வாசலை அடையும்போது சுமார் 70 சென்டிமீட்டர் விலகியிருக்கும். கம்பத்தை ஒட்டி உள்ளே போய்விடும். 6 பாகை விலகினால் 2 மீட்டருக்கும் மேல். கம்பத்துக்கு வெளியே ஒரு மீட்டருக்கு அப்பால் போய்விடும். கோல் வாசலின் மொத்த அகலமே 7.32 மீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத 4 பாகை வித்தியாசத்தில் வெற்றி தோல்வி ஆகிவிடுகிறது. அதே 6 பாகைப் பிசகு 5 மீட்டர் தூரத்து நண்பனுக்குத் தள்ளும் பந்தில் வந்தால் விலகல் அரை மீட்டர்தான். அவன் காலை நீட்டி எடுத்துக்கொள்வான். கிட்டத்தில் மறு கால் போதும், எட்டத்தில் போதாது என்று ஆட்டக்காரர்கள் உணர்ந்து வைத்திருப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

விடுபட்டுப் போவது எது?

பிசகை மட்டும் கூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால், உதைத்த பந்துக்கு மட்டுமே தண்டனை கிடைக்கும். உதைக்கும் முன் நடப்பதெல்லாம் விடுபட்டுப் போகும்.

2013 ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பொருசியா டார்ட்மண்டுக்கு எதிராக 89ஆவது நிமிடத்தில் பயர்ன் மியூனிக் அணிக்கு வெற்றி கோல் அடித்தவர் ஆர்யன் ராபன். முழு இடது காலர். ஆனால் ஆடியது பெரும்பாலும் வலது ஓரத்தில். வலது ஓரத்திலிருந்து பந்தை இடது காலில் வைத்துக்கொண்டு உள்ளே வெட்டுவார். கோல் வாசல் அவருக்கு முன் விரியும். இடது காலால் அடிப்பார். அவர் இதைத்தான் செய்யப் போகிறார் என்பது எதிரணி முழுவதற்கும் தெரியும். தெரிந்தும் பல ஆண்டுகள் தடுக்க முடியவில்லை. ஒற்றைக் காலை நம்புவதே ஒருவருக்கு ஆயுதமும் ஆகலாம் என்பதற்கு அவர் சான்று.

போர்ச்சுகலின் ரிக்கார்டோ குவாரெஸ்மா வேறு வகை. இடது காலால் அடிக்க வேண்டிய இடத்திலும், வலது பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தைச் சுழற்றி அடிப்பார். 2018 உலகக் கோப்பையில் ஈரானுக்கு எதிராக அவர் அடித்த கோல் அவருடைய அந்தப் புகழ்பெற்ற உதைதான். மறு காலைத் தவிர்க்கும் பழக்கத்திலிருந்து ஒரு கலையே பிறந்துவிட்டது.

இத்தகைய குணங்களைத் திரையில் கொண்டுவர என்னென்ன வேண்டும்? முதலாவது, காலத்தின் விலை. வலது காலனின் இடப்பக்கம் பந்து வந்தால், அதை வலது காலுக்கு மாற்ற அரை நொடியாவது செலவாகும். எதிராளி தூரத்தில் இருந்தால் அந்தச் செலவைத் தாங்கலாம். பக்கத்தில் இருந்தால் மறு காலால்தான் அடித்தாக வேண்டும். எது லாபம் என்று ஒவ்வொரு முறையும் அந்த ஆட்டக்காரனின் குணத்துக்கேற்பக் கணிப்பொறி தீர்மானிக்க வேண்டும். அப்போது மறு கால் பலவீனமானவன் அடிக்கடி தவறவிட மாட்டான், அடிக்கடி தாமதிப்பான். 1998 ஆய்வு காட்டிய மனிதன் அவன்தான்.

இரண்டாவது, பந்தை வாங்கும் விதம். நல்ல ஆட்டக்காரன் பந்து வருவதற்கு முன்பே உடம்பைத் திருப்பி, முதல் தொடுதலிலேயே வாகான காலுக்கு முன்னால் பந்தைப் போட்டுக்கொள்வான். கொடுப்பவனும் நண்பனின் எந்தக் காலுக்குக் கொடுக்க வேண்டும் என்று அறிந்து கொடுப்பான்.

மூன்றாவது, எதிராளியின் அறிவு. "அவனை வலது பக்கம் தள்ளு" என்பது காப்பு ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாலபாடம். இடது காலனை எதிர்கொள்பவன் கொஞ்சம் ஒருசாய்த்து நின்று, இடப்புற வழியை அடைத்து, வலப்புற வழியை வேண்டுமென்றே திறந்து விடுவான். கணிப்பொறி நடத்தும் காப்பு ஆட்டக்காரனும் இப்படி ஆளறிந்து நின்றால்தான், மறு காலைப் பழக்காததன் நஷ்டம் ஆடும் பிள்ளைக்கு உறைக்கும்.

இவற்றையெல்லாம் செய்துவிடலாமே, என்ன தடை? தடை கணிப்பொறியின் திறமையில் மட்டும் இல்லை. பொத்தானை அழுத்தியதும் பந்து பறக்க வேண்டும் என்று ஆடுபவர் எதிர்பார்க்கிறார். திரையில் இருப்பவன் தன் குணத்துக்கேற்ப ஓர் அடி எடுத்து வைத்துக் காலை மாற்றினால், "நான் அழுத்தினேன், இவன் அடிக்கவில்லை" என்று கோபம் வருகிறது. ஆட்டக்காரன் தன் விருப்பப்படி நடந்தால் ஆடுபவருக்கு அதிகாரம் போய்விடுகிறது. ஆடுபவர் விருப்பப்படியே நடந்தால் ஆட்டக்காரன் பொம்மையாகிவிடுகிறான். உண்மையைக் காட்டுவதற்கும் சொன்னபடி கேட்பதற்கும் நடுவில் விளையாட்டைத் தயாரிப்பவர்கள் கம்பிமேல் நடக்கிறார்கள்.

இரண்டு காலும் வந்தவர்கள்

இரு கால்களிலும் வல்லவர்களை எண்ணில் அடக்குவது இன்னும் கடினம். மேற்கு ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் பிரேமெ 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் மெக்சிகோவுக்கு எதிரான பெனால்டியை இடது காலால் அடித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1990 இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக உலகக் கோப்பையையே தீர்மானித்த பெனால்டியை வலது காலால் அடித்தார். இரண்டும் உள்ளே போயின. இவருக்கு எது வாகான கால் என்று எழுதுவது?

2025ஆம் ஆண்டின் தங்கப் பந்து விருது பெற்ற பிரான்சின் உஸ்மான் டெம்பெலே இளைஞராக இருந்தபோது ஒரு பேட்டியில் தன்னை இடது காலர் என்று சொன்னார். பிறகு ஏன் பெனால்டியை வலது காலால் அடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அடிப்பது வலது காலில் இன்னும் நன்றாக வருகிறது என்று விளக்கினார். கேட்டவர் குழம்பினாலும் அவர் சொன்னதில் முரண்பாடு இல்லை. பந்தை உருட்டிச் செல்ல ஒரு கால், ஓங்கி அடிக்க ஒரு கால் என்று அவருக்கு வேலைக்கு ஒரு கால் அமைந்திருக்கிறது. விருப்பம் வேறு, திறமை வேறு. ஒருவருக்கு ஒரே வாகான கால் என்று பிறப்புச் சான்றிதழ் போல எழுதிவைக்கும் முறையில் இவரை அடக்க முடியாது. உருட்டுவதற்கு, கடத்துவதற்கு, அடிப்பதற்கு என்று தனித்தனி எண்கள் வேண்டும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

நெடுங்காலமாக இந்த மதிப்பெண்களை ஆட்டங்களைப் பார்க்கும் ஆர்வலர்கள்தான் இட்டு வந்தார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், ஃபுட்பால் மேனேஜர் இரண்டுமே உலகெங்கும் இத்தகைய பார்வையாளர்களைப் பெருமளவில் வைத்திருக்கின்றன. கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது ஒரு சிக்கல் உண்டு. மறு காலால் விழுந்த ஓர் அற்புத கோல் மனத்தில் பல ஆண்டு நிற்கும்; வாகான காலுக்கு மாற்றித் தாமதித்த நூறு தருணங்கள் நினைவில் நிற்காது.

இப்போது எண்ணிக் கணக்கிட வழி இருக்கிறது. 1996இல் தொடங்கிய ஆப்டா போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு உதையையும் எந்தக் காலால் என்று பதிவு செய்கின்றன. ஸ்டேட்ஸ்பாம் நிறுவனம் தன் பதிவுகளில் ஒரு பகுதியை, மெஸ்ஸி ஸ்பெயின் லீக்கில் ஆடிய ஆட்டங்கள் உட்பட, யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. பந்தைக் கடத்தியது எந்தக் காலால் என்ற குறிப்பும் அதில் உண்டு. கணிப்பொறிக் கல்வி பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி. கிட்டத்தில் மறு காலை எத்தனை சதவிகிதம், எட்டத்தில் எத்தனை சதவிகிதம் பயன்படுத்துகிறார் என்று ஒரு விடுமுறையில் கணக்கிட்டுவிடலாம். விளையாடுவதோடு நில்லாமல் விளையாட்டு எப்படி உருவாகிறது என்று அறியும் ஆவல் பிறந்தால் நல்லதுதானே?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

இனி பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை. இடது கையால் எழுத முற்படும் குழந்தையின் கையைத் தட்டிவிடும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் ஆசையோடுதான் திருத்துகிறார்கள். ஆனால் குழந்தைக்கு அது வேதனை. இடது கைப் பழக்கமோ இடது கால் பழக்கமோ குறை அல்ல. அதை வலிந்து மாற்ற வேண்டியதில்லை. கால்பந்தில் இடது பக்கக் காப்பு, இடது ஓரம் என்று எத்தனையோ இடங்களுக்கு இடது காலர்களைத் தேடி அலைகிறார்கள்.

அதேசமயம், மறு காலையும் பழக்குவது வேறு விஷயம். அது இயல்பை அடக்குவது அல்ல, இன்னொன்றைக் கூட்டிக்கொள்வது. நார்வேயில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் ஆட்டக்காரர்களில் ஒரு குழுவினர் எட்டு வாரங்கள் தம் பயிற்சியின் பெரும்பகுதியை மறு காலாலேயே செய்தார்கள். மறு கால் முன்னேறியது மட்டுமல்ல; தனிப்பயிற்சி தராத வாகான காலும் சேர்ந்து முன்னேறியது. ஐரோப்பியக் கழகங்களின் சம்பளங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், இரு கால்களாலும் ஆட வல்லவர்களுக்குக் கூடுதல் ஊதியம் கிடைப்பதைக் கண்டிருக்கிறார்கள். வீட்டில் தமிழையும் வெளியில் வங்காளமோ மராத்தியோ இந்தியோ பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை என்று அவர்கள் நாக்குக்கே தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து சில சோதனைகள் செய்து பாருங்கள். மறு காலுக்கு ஒன்று அல்லது இரண்டு நட்சத்திரம் பெற்ற ஒரு வலது காலனைத் தேர்ந்தெடுத்து, பந்தை அவனுடைய இடப்பக்கம் கொண்டுபோய் அடிக்கச் சொல்லுங்கள். அவன் உடனே அடித்துக் குறி தவறுகிறானா, காலை மாற்ற முயல்கிறானா? எதிராளி அவனை இடப்பக்கம் தள்ளுகிறானா, சும்மா எதிரே நிற்கிறானா? நண்பன் கொடுக்கும் பந்து எந்தக் காலுக்கு வருகிறது? பிறகு ஓர் உண்மையான ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து, அதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், மறு காலால் சுவரில் ஐம்பது முறை அடிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் பந்து பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிக்குத்தான் போகும். ஒரு மாதம் விடாமல் செய்தால் அது சுவருக்கே போகத் தொடங்கும்.